பதினொன்றரை மணிச் சங்கு

அத்தியாயம் 17

கையெழுத்துப் போடாமலேயே ராதாமணி படுக்கப் போனாள் என்று போன வாரம் விட்டோம். படுத்தாளே தவிர, தூங்கினாளா என்று கேட்காதீர்கள். ஊருக்கே திட்டம் எழுதுகிறவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

விஷயம் இதுதான். கடலோரத்தில் சுனாமி வந்து போய் ஏழு மாதம் ஆகிறது. பேரிடர் வந்தால் என்ன செய்வோம் என்று ஒவ்வொரு பஞ்சாயத்தும் முன்கூட்டியே திட்டம் எழுதித் தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. முத்தூரணிப்பட்டியில் முதல் கூட்டம் போட்டபோது சனங்கள் சிரித்த சிரிப்பு கழுகுமலை வரைக்கும் கேட்டிருக்கும். "குடிக்கவே தண்ணியக் காணோம், சுனாமி எங்கிட்டுக்கூடி வரப்போவுது?" என்றார்கள்.

பஞ்சாயத்துத் தலைவரான ராதாமணி மட்டும் சிரிக்கவில்லை. "நமக்கு வந்தா தண்ணியில வராது, தீயிலதான் வரும்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன வாய் சும்மா இருந்திருக்கலாம். ஏனென்றால் ஊரில் இருக்கிற ஒரே தீப்பெட்டி ஆபீஸ் அவள் புருஷன் ராமசுப்புவுடையது. தொழிற்சாலை என்றெல்லாம் இங்கே யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். அறுபத்திரண்டு பெண்கள் வேலை பார்க்கிற அந்த ஆபீசுக்குக் கிழக்கே ஒரே ஒரு கேட்.

மேற்கேயும் ஒரு வாசல் இருந்தது. மாமனார் காலமாகிச் சொத்துப் பிரித்தபோது அந்தப் பக்கத்து இடம் ராமசுப்புவின் தம்பி ஜெயகிருஷ்ணன் பங்குக்குப் போனது. வண்டிப் பாதையில் தகராறு வந்தது. ராமசுப்பு நாலு பேர் முன்னால், "பருத்தி யாவாரத்துல தோத்தவனுக்குப் பாதை ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டார். மறுநாளே ஜெயகிருஷ்ணன் கொத்தனாரைக் கூட்டிவந்து அந்த வாசலை அடைத்துச் சுவர் எழுப்பினான். பிறகு சுவரையொட்டிப் பருத்திக்கென்று ஒரு கிட்டங்கியும், அதாவது கிடங்கும், கட்டிக்கொண்டான். இரண்டு வருஷமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை.

திட்டப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. 'தீ விபத்து நேரக்கூடிய இடத்தில் மாற்று வழி: உண்டு / இல்லை.' அந்தக் கட்டத்தில் வந்துதான் ராதாமணியின் பேனா நின்றுபோனது.

*

காலையில் காப்பியைக் கையில் வாங்கும்போதே ராமசுப்பு ஆரம்பித்தார்.

"'உண்டு'ன்னு ஒரு டிக் அடிக்க உனக்கு என்னட்டி கஷ்டம்?"

"எங்கன இருக்கு? காமிங்க, இப்பவே அடிக்கேன்."

"முன்னால இருந்துச்சுல்லா?"

"இப்ப இருக்கான்னுதானே கேட்டிருக்கு."

"ஏட்டி, 'இல்லை'ன்னு எழுதி மேல போச்சுன்னா லைசென்சு புதுப்பிக்கும்போது ஆபீசைப் பூட்டுன்னுருவான். அறுவத்திரண்டு வீட்டு அடுப்பு எப்படி எரியும்? நீ ஊருக்குத் தலைவரா இரு, வேண்டாங்கல. எனக்குப் பொண்டாட்டியாவும் கொஞ்சம் இருந்துக்கோ."

"தம்பிகிட்ட நீங்க ஒரு வார்த்தை..."

"நானா? அவங்கிட்டயா?" டம்ளரை நங்கென்று வைத்தார் ராமசுப்பு. "நான் செத்தாலும் அந்தச் சுவருகிட்ட போகமாட்டேன்."

 ராதாமணி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே ஆடிக் காற்று விடிந்ததிலிருந்தே ஊரைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தது. கரிசல் புழுதி வீட்டுக்குள் வந்து அரிசிப் பானை வரைக்கும் போயிருந்தது. இந்தக் காற்றில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் மனசு ஓயாமல் கணக்குப் போட்டது. நிறுத்தச் சொன்னாலும் அது நிற்கவில்லை.

அன்றைக்கு ஒத்திகை வேறு. தீப்பிடித்தால் எல்லோரும் எப்படி வெளியேறுவது என்று நடத்திப் பார்க்க யூனியன் ஆபீசிலிருந்து பாண்டியராஜன் என்கிற இளம் அதிகாரி பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு ஃபைல், கழுத்தில் ஒரு விசில்.

அபாய அறிவிப்புக்கு ஆபீஸ் சங்கையே ஊதலாம் என்பது ராதாமணியின் யோசனை. ஊர் முழுக்கக் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். காலை எட்டுக்கு ஒரு சங்கு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சங்கு, சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு சங்கு. "பதினொன்றரைக்குச் சங்கு ஊதினால் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும்" என்று துண்டுச்சீட்டு அடித்து, தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் சோலைச்சாமியிடம் கொடுத்து வீடு வீடாகக் கொடுக்கச் சொல்லியிருந்தாள்.

"சின்ன முதலாளி வீட்டுக்கு நானா குடுக்கணும்?" என்று சோலைச்சாமி தலையைச் சொறிந்தபோது, "அங்க நான் சுதாகிட்ட சொல்லிக்கிடுதேன்" என்றாள். சுதாராணி ஜெயகிருஷ்ணன் பெண்டாட்டி. ராதாமணி அவளிடம் சொல்லவில்லை. மறந்தாளா, மனசு வரவில்லையா என்று கேட்டால் அவளிடமே பதில் கிடையாது.

*

மணி பதினொன்றரை. ராமசுப்பு வேண்டாவெறுப்பாகச் சுவிட்சைத் தட்டினார். சங்கு ஊளையிட்டது.

காலையில் ஒன்பது மணிக்குத்தான் ராதாமணி எல்லாப் பெண்களையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தாள். போட்டது போட்டபடி எழுந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் நன்றாகத்தான் தலையாட்டினார்கள்.

சங்கு கேட்டதும் தீக்குச்சி அடைத்துக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் நிமிர்ந்து, "அதுக்குள்ள சோத்துச் சங்கா?" என்றாள். பழக்கத்தில் அவள் கை தூக்குவாளியைத் தேடிப் போனது. அவளைப் பார்த்து இருபது பேர் தூக்குவாளி எடுக்கப் போனார்கள். பாதிப் பேர் கைகழுவக் குழாயடிக்கு நடந்தார்கள். "ஏட்டி, ஒத்திகைட்டி!" என்று யாரோ கத்திய பிறகுதான் கேட்டைப் பார்த்து ஓடினார்கள்.

அங்கேதான் வினை வந்தது. நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் லோடு லாரி வந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் ஓடிவருகிற இருபது பேருக்குத்தான் ஏத்துக்கூலி. துண்டுச்சீட்டை வாங்கி அடுப்பங்கரையில் செருகிவிட்ட சனமெல்லாம், சங்குச் சத்தம் கேட்டதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆபீசைப் பார்த்து ஓடிவந்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர, வெளியே இருந்தவர்கள் உள்ளே வர, அந்த ஒற்றைக் கேட்டில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு நின்றது.

"வெளிய போங்க! வெளிய போங்க!" என்று பாண்டியராஜன் விசிலை ஊதினார். விசில் கேட்டதும் லாரிக்காரன்தான் வந்துவிட்டான் என்று பின்னாலிருந்தவர்கள் இன்னும் முட்டினார்கள். வெள்ளைத்தாய் கீழே விழுந்தாள். அவள் கையை யாரோ மிதித்தார்கள்.

"ரெண்டு நிமிஷம்னு திட்டத்துல எழுதியிருக்கோம் மேடம்" என்றார் பாண்டியராஜன், கடிகாரத்தைப் பார்த்து. "இப்ப ஏழாச்சு."

 இது நிஜமாக இருந்தால் என்ற நினைப்பு ஒன்றுதான் ராதாமணியின் மண்டைக்குள் ஓடியது. புகையில்லை, தீயில்லை, அப்படியும் இந்த லட்சணம்.

அப்போதுதான் மேற்கே இருந்து அந்தச் சத்தம் வந்தது. தொம். தொம். தொம்.

எல்லோரும் திரும்பினார்கள். மேற்குச் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. ஒரு செங்கல் உள்ளே விழுந்தது, பிறகு நாலைந்து ஒன்றாக விழுந்தன. அந்த ஓட்டைக்குள் ஒரு கடப்பாரை முனை தெரிந்தது. அதன் பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிய ஜெயகிருஷ்ணன், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு, பாதி உடம்பை உள்ளே நுழைத்துக் கத்தினான். சங்கையும் 'வெளிய போங்க' கூச்சலையும் கேட்டு நிஜத் தீ என்றே நினைத்துவிட்டான்.

"அண்ணாச்சி எங்க? ஏய், அண்ணாச்சி வெளிய வந்துட்டாவளா? இந்தப் பக்கம் வாங்க எல்லாரும், இந்தப் பக்கம் வாங்க!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த 'அண்ணாச்சி' அது. அந்த அண்ணாச்சியோ சுவிட்சுப் பலகை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

 கடைசியில் சோலைச்சாமிதான் மெல்லச் சொன்னான். "சின்ன முதலாளி... ஒத்திகை. சும்மா பாக்குறது."

ஜெயகிருஷ்ணன் அண்ணனைப் பார்த்தான். விசில்காரரைப் பார்த்தான். அப்புறம் ராதாமணியைப் பார்த்தான்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியே மதினி."

"தம்பி, தப்பு என் மேலதான். நான்..."

"ஊருக்கெல்லாம் சீட்டுக் குடுத்தீயளாம். நான் ஊருல இல்லியா?"

கடப்பாரையை இழுத்துக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சாக்குப் படுதா வந்து ஓட்டையை மூடியது. சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ராமசுப்பு விறுவிறுவென்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

பஞ்சாயத்து ஆபீசில் வெள்ளைத்தாயின் மணிக்கட்டுக்கு ராதாமணியே தைலம் தேய்த்துவிட்டாள்.

"வெள்ளைத்தாயி, உனக்குமா தெரியல? காலையிலதானே சொன்னேன்."

"தலைவரம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. முப்பது வருசமா சங்கு ஊதுனா ஆபீசைப் பாத்துத்தான் ஓடுதோம். ரெண்டு நிமிசம் பிந்தினா கேட்டுக்கு வெளிய நிக்கணும். இப்ப அதே சங்கை ஊதி ஆபீசை விட்டு ஓடுன்னா, காலு கேக்குமா?"

ராதாமணி தைலப் புட்டியை மூடாமல் அப்படியே வைத்திருந்தாள். மூன்று மாதம் கூட்டம் போட்டு, குழு பிரித்து, தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு எழுதிய திட்டம். இந்தக் கேள்வியை அவளும் கேட்கவில்லை, பாண்டியராஜனும் கேட்கவில்லை.

"அப்ப எந்தச் சத்தம் கேட்டா ஓடுவீங்க?"

வெள்ளைத்தாய் யோசிக்கவே இல்லை. "தகர டின்னைத் தட்டுங்க. கம்மங்காட்டுல அதைத்தானே தட்டுதோம். டின்னு சத்தம் கேட்டா எடத்தைக் காலி பண்ணணும்னு குருவிக்கே தெரியும்."

பாண்டியராஜன் சிரித்தார். ராதாமணி சிரிக்காமல் பேனாவை எடுத்து, 'அபாய அறிவிப்பு: சங்கு' என்பதை அடித்துவிட்டு, 'தகர டின்' என்று எழுதினாள். ஆபீசுக்கு எட்டு டின், தெருவுக்கு இரண்டு. பாண்டியராஜன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் பிரதியிலும் அதையே எழுதிக்கொண்டார்.

வெள்ளைத்தாய் எழுந்து போனதும் வாசலில் ஒரு நிழல் ஆடியது. சுதாராணி. இரண்டு வருஷமாகத் தெருவில் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறவள் இன்று தானாக வந்து நின்றாள். ராதாமணிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

"வா சுதா. உக்காரு. உங்கிட்ட நானே வரணும்னு இருந்தேன். அந்த ஓட்டையை அப்படியே வாசலாக்கி, ஒரு கதவு..."

"வேண்டாம்க்கா." சுதாராணிக்கு மூச்சு வாங்கியது. "அதை இன்னைக்கே அடைக்கணும். அவிய கொத்தனாரைத் தேடிப் போயிருக்காவ. ஆளு கெடைக்கல. நீங்களாவது ஒரு ஆளைச் சொல்லிவிடுங்கக்கா."

"ஏன்? அந்தப் பக்கம் தெரு இருக்குல்லா? அறுவத்திரண்டு பேரு உசுரு சுதா."

"அங்கன எடமில்லக்கா. பருத்தி... பருத்திப் பொதி அடுக்கியிருக்கு."

"பருத்தியா? இந்த ஆடியில எங்கட்டி பருத்தி?"

சுதாராணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். அவள் நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ பளபளத்தது. பாத்திரம் விளக்குகிற கையோடு ஓடி வந்திருக்கிறாள் பாவம் என்று ராதாமணி நினைத்துக்கொண்டாள். "ஆளைச் சொல்லிவிடுங்கக்கா" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுச் சுதாராணி நிற்காமல் போய்விட்டாள்.

மணி நாலு. பாண்டியராஜன் ஃபைலைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டினார்.

"பஸ் வந்துரும் மேடம்."

ராதாமணி பேனாவைத் திறந்தாள். 'இல்லை' என்பதில் டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, பஞ்சாயத்து முத்திரையையும் ஊன்றிக் குத்தினாள்.

"யோசிச்சுத்தான் போடுறீங்களா? சாரோட ஆபீசு..."

"எல்லாரும் வெளிய வர ஒம்பது நிமிசம் ஆச்சு தம்பி. நான் எண்ணிக்கிட்டேதான் நின்னேன்."

கழுகுமலை பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. திட்டமும் அதோடு போயிற்று.

*

ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் ராதாமணி நின்றபடியே சொன்னாள். ராமசுப்பு முதலில் நம்பவில்லை. நம்பியதும் எழுந்துவிட்டார்.

"பாவி! எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி! கட்டுன புருசனுக்குச் செய்யுற காரியமா இது?"

"திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஆனா ஒண்ணு கேக்கேன். அவரு எதுக்கு இன்னைக்குச் சுவரை இடிச்சாரு?"

"கிறுக்கன்."

"'அண்ணாச்சி வெளிய வந்துட்டாவளா'ன்னு கேட்டாருல்லா? ஆபீசு என்னாச்சு, சரக்கு என்னாச்சுன்னா கேட்டாரு? உங்களைத்தானே கேட்டாரு."

 மேசைமேல் இருந்த ரசீதுகளைக் காற்று கலைத்தது. ராமசுப்பு பிடிக்கவில்லை. ஐந்தரைச் சங்கு ஊதி, பெண்கள் பேச்சும் சிரிப்புமாகக் கேட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் அப்படியே நின்றார்.

பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேற்குச் சுவரைப் பார்த்து நடந்தார். ராதாமணி நாலடி தள்ளிப் பின்னாலேயே போனாள். இவர் என்ன பேசுவார், அவன் என்ன சொல்வான், கைகலப்பு ஆகிவிடுமா என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.

ஓட்டை இடுப்பு உயரம்தான் இருந்தது. ராமசுப்பு ஒரு கணம் அதைப் பார்த்தார். அப்புறம் சாக்கை விலக்கி, முதுகை வளைத்து, உள்ளே நுழைந்தார்.

ராதாமணி காத்திருந்தாள். சத்தமில்லை. சண்டைச் சத்தமும் இல்லை, சமாதானச் சத்தமும் இல்லை.

"ராதா." புருஷன் குரல்தான், ஆனால் ஆளே மாறிய மாதிரி இருந்தது. "இங்கன வா. மெதுவா வா. எதையும் தட்டிராத."

அவளும் குனிந்து போனாள்.

பருத்தி இல்லை. ஒரு பொதிகூட இல்லை. கிட்டங்கி நெடுகச் சாக்கை விரித்து, அதன்மேல் பட்டாசு காயப்போட்டிருந்தது. சுவரோரம் மருந்து மூட்டைகள் ஆள் உயரத்துக்கு நின்றன. தீப்பெட்டி ஆபீஸ் பக்கத்தில் மருந்து வாசம் அடித்தால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? ஊர் வரைபடத்தில் இந்த இடத்தில் 'பருத்திக் கிட்டங்கி' என்று கோலப்பொடியால் எழுதியது ராதாமணியேதான். சுதாராணியின் நகக்கண்ணில் பளபளத்தது பாத்திரம் விளக்கிய சாம்பல் அல்ல, இந்த மருந்துதான் என்று இப்போது புரிந்தது. 

கதவோரம் சுதாராணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். ஜெயகிருஷ்ணன் தரையைப் பார்த்தான்.

"லைசென்சு?" என்றார் ராமசுப்பு.

அவன் இல்லை என்று தலையாட்டினான். "தோத்தவன்னு சொன்னீயள்லா. ஜெயிச்சுக் காட்டணும்னு..."

ராமசுப்பு மூட்டைகளைப் பார்த்தார். திரும்பி அந்த ஓட்டையைப் பார்த்தார். சங்கு கேட்ட நிமிஷத்தில் அந்தப் பக்கம் நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தால் முதல் பொறி இந்த ஓட்டை வழியாக எங்கே வந்து விழுந்திருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 

"ஏலே, இம்புட்டையும் முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டா நீ அந்தச் சுவரை இடிச்ச?"

"அப்ப இதெல்லாம் ஞாபகமே வரல அண்ணாச்சி."

ராமசுப்பு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜெயகிருஷ்ணன் மெல்லத் தலையைத் தூக்கி ராதாமணியைப் பார்த்தான். "மதினி, இதையும் எழுதுவீங்களா?"

சுதாராணி பார்த்தாள். துண்டை விலக்கி ராமசுப்புவும் ராதாமணியைத்தான் பார்த்தார். வெளியே தெருவில் வெள்ளைத்தாய் டின்னைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. படுதா காற்றில் உப்பி, காய்கிற பட்டாசுமேல் ஒருதரம் உரசிப் போயிற்று.

"எல்லாரும் மொதல்ல வெளிய வாங்க" என்றாள் ராதாமணி.